என் நோட்டைப் பிரபு பரிசோதித்த வெள்ளிக்கிழமை

காலை ஏழு மணி எட்டு நிமிடம். பிரபு சமையலறையில், ஃப்ரிட்ஜை ஒட்டி, நான் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருந்தான். இடது கையில் என் நோட்டு. வலது கையில் பேனா. பல் தேய்த்திருந்தான், தலை வாரவில்லை.

"இப்ப என்ன பண்ணணும்?"

"படி. அதுலயே இருக்கு."

சத்தமாகப் படித்தான். "'ஒன்று. ஏழு பத்துக்கு, சன்னலை மறைக்காமல், ஃப்ரிட்ஜ் பக்கம் நிற்கவும். எதிர்ச் சுவரின் வெள்ளை டைல்ஸைப் பார்க்கவும். வெளிச்சம் நெளியும்.' சரி. நெளியலன்னா?"

"நெளியும்."

"நெளியலன்னா?"

"நெளியும் ப்பா. ரெண்டு நிமிஷம் பொறு."

நான் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். அலுவலகத்தில் மென்பொருள் வெளியாகும் நாட்களில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை. அந்தச் சுவரில் வெளிச்சம் நெளிவதைப் பொறுத்துத்தான் நாங்கள் இந்த வீட்டில் இருப்பதா, கிளம்புவதா என்பது இருந்தது. முழுவதும் அல்ல. துல்லியமாகச் சொன்னால், ஐந்தில் ஒரு பங்கு.

பதினான்காவது மாடியில் ஒரு வீடு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாக. நாங்கள் இருப்பது திருவேற்காட்டில், எட்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில். வாடகை வீடு. வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் மென்பொருள் பரிசோதகர். மற்றவர்கள் எழுதிய நிரலில் என்ன தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே செய்கிறேன். என் கணவன் பிரபு அந்த நிரலை எழுதுகிற சாதி. வேறு நிறுவனம், அலுவலகம் சென்னையின் இன்னொரு கோடியில், ஓ.எம்.ஆரில்.

(கல்லூரியில் ஒரே வகுப்பு என்பதால் 'அவன்'தான். அம்மா இதைப் படித்துவிட்டுப் போனில் திட்டுவார். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போலத் தெரிகிறது.)

திருவேற்காட்டிலிருந்து ஓ.எம்.ஆருக்குப் போக இரண்டு மணி நேரம். வர இரண்டு மணி நேரம். ஏழு மணிக்கு முன்பே கம்பெனி பஸ் பிடிக்க ஓடுவான். இருட்டிய பிறகு வந்து, சாப்பிட்டு, படுத்துவிடுவான். சனி ஞாயிறு என்றால் மதியம் வரை தூக்கம். எழுந்தால் மளிகை, சலவை, யாராவது வீட்டு விசேஷம்.

ஆகவே, ஓ.எம்.ஆரில் வீடு பார்த்தோம். பதினான்காவது மாடி. நல்ல வீடு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் தொழில் புத்தியோடு ஒவ்வொரு குழாயையும் திறந்தேன், ஒவ்வொரு கதவையும் மூடினேன், கழிவறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. பிரபு அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். பன்னிரண்டு நிமிடம்.

அந்த வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடுங்க. ஆடியில வீடு மாற விடமாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்கம்மா. வேற ஆளும் கேட்டுக்கிட்டிருக்காங்க."

ஆனி முடிய சில நாட்களே இருந்தன.

இடது பக்கம், வலது பக்கம்

அந்த நோட்டு, சந்தோஷத்தை எழுதுவதற்காக வாங்கியதல்ல. வீட்டைக் காலி செய்யும் முன் என்னென்ன சரிசெய்ய வேண்டும் என்று பட்டியல் போட வாங்கியது. கோடு போட்ட, நீல அட்டை நோட்டு. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் அதை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன்.

படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. பால்கனி கம்பியில் துரு. மாடித் தொட்டி தினமும் காலையில் நிரம்பி வழிகிறது.

எல்லாம் இடது பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பத்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை. ஆனால் குறையைத் தேட வேண்டுமென்றால் ஓர் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு வருடத்தில் நான் அந்த வீட்டில் எங்கேயும் அசையாமல் நின்றதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை தொட்டி வழிவதைப் படம் எடுக்கச் சமையலறையில் காத்திருந்தேன். மேலிருந்து தண்ணீர் சன்னலுக்கு வெளியே திரைபோல விழுந்தது. கிழக்கு வெயில் அதற்குள் புகுந்து வந்தது. எதிர்ச் சுவரின் டைல்ஸ் முழுக்க வெளிச்சம் நெளிந்தது! குளத்துக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பதுபோல. தோசைக்கல்லில் தோசை கருகியது. நான் அசையவில்லை.

அன்று முதன்முறையாக வலது பக்கத்தில் எழுதினேன். ஒரே வரி. "தண்ணீர் வழியும்போது சமையலறைச் சுவர் குளமாகிறது."

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. இடது பக்கம் இரண்டு வரி போனால் வலது பக்கம் அரைப் பக்கம் போனது. ஓர் அலுவலக அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் எழுதினேன். இஸ்திரிக்குப் போகும் சட்டையின் மணம். வெந்தயம் தாளிக்கும்போது அது பழுப்பாகும் அந்த ஒரு நொடி. எழுத வேண்டும் என்பதற்காகவே சிலவற்றைச் செய்ய ஆரம்பித்தேன். காபியை மேசைக்கு எடுத்துப்போகாமல் பால்கனியில் குடித்தேன். மதியச் சாப்பாட்டைக் கணினி முன்னால் சாப்பிடுவதை நிறுத்தினேன். சாப்பிட்டது என்ன ருசி என்று எழுத வேண்டுமே!

காலண்டர் தாளில் அம்மா

எழுதும் பழக்கம் எனக்குப் புதிதாக வந்ததல்ல என்று இப்போது தோன்றுகிறது.

நான் வளர்ந்தது ஆவடியில், அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. சின்ன வயதில் நான் ஒருமுறை வேறு வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றி, பையை வைத்து, தண்ணீரும் குடித்துவிட்டேன். அந்த வீட்டு அத்தை ஒன்றும் சொல்லாமல் முறுக்கு கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் முறுக்கு ருசி வேறு என்று தெரிந்து அழுதேன்.

அம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடமாட்டார். பின்பக்கம் எழுதுவார். "பால் வரவில்லை. சிலிண்டர் மாற்றினேன். மல்லிச் செடியில் முதல் பூ." மூன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே அளவில். எதுவும் பெரிதல்ல, எதுவும் சின்னதல்ல. கிளிப்பில் கோத்து சமையலறை ஆணியில் தொங்கவிடுவார். நான் அதை மளிகைக் குறிப்பு என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் போனில் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா எழுதினீங்க?"

"எதுக்குன்னா? அன்னிக்கு நடந்துச்சு, எழுதினேன்" என்றார். "உனக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும்."

எனக்கு வரலையே!

இரண்டாவது வாரத்தின் முடிவில், ஒரு ஞாயிறு மதியம், பிரபுவிடம் நோட்டைக் கொடுத்தேன். வலது பக்கங்களை மட்டும் படித்தான். முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"இதெல்லாம் நம்ம வீட்லயா நடக்குது?"

"ஆமா."

"எனக்கு ஒரு நாளும் நடந்ததில்லையே நித்தி."

"நான் இங்கருந்து வரலைப்பா" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது.

அவன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினான். பிறகு எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த அந்த வாக்கியத்தைச் சொன்னான். "என்னால இதைத் திரும்ப வரவழைக்க முடியலையே."

இதை விளக்க வேண்டும். பரிசோதகர் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் வெறுமனே 'தப்பு இருக்கிறது' என்று சொன்னால் போதாது. எந்தப் பொத்தானை அமுக்கினேன், அடுத்து எதை அமுக்கினேன் என்று ஒவ்வொரு படியாக எழுதித் தர வேண்டும். நிரல் எழுதியவர் அதே படிகளைச் செய்வார். தப்பு வந்தால் ஒப்புக்கொள்வார். வராவிட்டால் 'எனக்கு வரவில்லை' என்று எழுதி மூடிவிடுவார். என்னைப் போன்றவர்களுக்கும் பிரபுவைப் போன்றவர்களுக்கும் நடுவில் நடக்கும் சண்டைகள் அத்தனையும் இதுதான்.

"படிப்படியா எழுதிக் குடு" என்றான். "ஒரு நாள் லீவு போட்டு நானும் பண்ணிப் பாக்கிறேன். எனக்கும் வந்தா, இங்கயே இருப்போம்."

"எத்தனை வரணும்?"

"அஞ்சு எழுது. மூணு வந்தா போதும்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை."

கை குலுக்கிக்கொண்டோம். எனக்கு ஒரே கொண்டாட்டம்! ஐந்தில் மூன்று, சும்மா வந்துவிடும். முப்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளில் நாள் தவறாமல் வந்தவற்றை மட்டும் பொறுக்கினேன். நேரம், இடம், செய்ய வேண்டியது, கிடைக்க வேண்டியது என்று நான்கு கட்டம் போட்டு எழுதினேன். இவ்வளவு நேர்த்தியான ஆவணத்தை நான் அலுவலகத்துக்குக்கூடத் தயாரித்ததில்லை.

ஒரு சொட்டு வழியாது

ஏழு பத்து. சுவர் சுவராகவே இருந்தது.

ஏழு பன்னிரண்டு. வெயில் இருந்தது. தண்ணீரைக் காணோம்.

சன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். கீழ்வீட்டுச் செல்வி அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தார். மோட்டார் போடுவது அவர் பொறுப்பு. போட்டுவிட்டு மகளுக்கு டிபன் கட்டப் போய் மறந்துவிடுவது அவர் வழக்கம்.

"அக்கா! இன்னிக்கு மோட்டார் போடலையா?"

"போட்டு நிறைஞ்சே போச்சு நித்யா! நீ குரூப்ல போட்டோ போட்டு கம்ப்ளெயின்ட் பண்ணேல்ல? நேத்து சாயங்காலம் சென்சார் வெச்சாச்சு. அதுவே நின்னுடும். இனிமே ஒரு சொட்டு வழியாது, பாரு!" அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்."

தலையை உள்ளே இழுத்தேன். இடது பக்கத்தில் எண் போட்டு, படம் எடுத்து, அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் புகார் கொடுத்தது நான். வலது பக்கத்தில் குளம் என்று எழுதியதும் நான். இரண்டும் ஒரே தண்ணீர் என்பது மூன்று வாரமாக எனக்கு உறைக்கவில்லை.

பிரபு சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீ கண்டுபிடிச்ச தப்பை எவனோ சரி பண்ணிட்டான்! உன் சர்வீஸ்லயே இதான் பெரிய வெற்றி!"

"எழுது" என்றேன்.

'வரவில்லை' என்று எழுதினான்.

இரண்டாவது, எட்டு மணிக்கு. அரிசி அளக்கும்போது ஆழாக்கை வெளியே வைத்துவிட்டு, முழங்கை வரை கையை டிரம்முக்குள் விட வேண்டும். விரல்களை விரித்துப் பத்து வரை எண்ண வேண்டும். மழை நாள் மண்ணுக்குள் கை விட்டதுபோல ஒரு குளிர்ச்சி மெல்ல ஏறும்; எனக்கு ஒவ்வொரு முறையும் தோள்பட்டை தானாக இறங்கும்.

பிரபு கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டான். பத்து வரை எண்ணினான். என் மேல் உள்ள பிரியத்தால் இருபது வரை எண்ணினான்.

"எப்படி இருக்கு?"

"அரிசி மாதிரி இருக்கு."

"குளிர்ச்சியா இல்ல?"

"அரிசி எவ்வளவு குளிர்ச்சியா இருக்குமோ அவ்வளவு இருக்கு நித்தி."

'வரவில்லை.' கடிகாரப் பட்டைக்குள் மாட்டிய மூன்று அரிசியை எடுத்து மறுபடியும் டிரம்மில் போட்டான்.

மூன்றாவது, பத்தேகாலுக்கு. கூடத்து மொசைக் தரையைத் துடைத்து, மின்விசிறியில் காய்ந்ததும், துடைத்தவரே அதன்மேல் ஐந்து நிமிடம் மல்லாக்கப் படுக்க வேண்டும். எனக்கு அன்று விடுமுறை இல்லை. ஒரு அழைப்பை முடித்துவிட்டு வந்து பார்த்தேன். தரை பளபளத்தது. நடுவில் பிரபு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுப்பினேன்.

"பாஸா, ஃபெயிலா?"

"நீதான் சொல்லணும். குளிர்ச்சி முதுகுல மெதுவா ஏறுச்சா?"

"தெரியலையே. படுத்தேன், நீ எழுப்பிட்ட. தூக்கம் வந்துச்சுல்ல, பாஸ்னு வெச்சுக்கயேன்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்பார்த்தது தூக்கம் அல்லவே. 'முடிவு தெரியவில்லை' என்று நானே எழுதினேன்.

கயிறும் சேர்ந்து போனது

நான்காவது கன்னியம்மா அக்கா.

நசரத்பேட்டைப் பக்கத்திலிருந்து மொபெட்டில் கீரை கொண்டுவருவார். பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் "கீரேய்ய்" என்று ஒரு குரல். அந்த 'ய்' அடுத்த தெரு வரை போகும். நான் பால்கனியிலிருந்து துணிப்பையைக் கயிற்றில் கட்டி இறக்குவேன். அவர் கீரையை வைத்துவிட்டு இரண்டு முறை கயிற்றைச் சுண்டுவார். மீன் மாட்டியதுபோல அது என் விரலுக்கு வரும். அதுதான் நான் எழுதியிருந்தது: "சுண்டுவது விரலுக்கு வரும்."

பிரபு பையை இறக்கினான். கயிற்றின் மறுமுனையைக் கம்பியில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதவில்லை. அது எனக்குக் கைப்பழக்கம். கன்னியம்மா அக்கா சுண்டினார். பிரபு திடுக்கிட்டு விட்டுவிட்டான். கயிறு முழுவதும் பாம்புபோல நெளிந்து கீழே போய் அவர் தலையில் விழுந்தது.

"அய்யே! இன்னா சார், கீரை கேட்டா கயிறையே குட்த்துட்ட?" கயிற்றைத் தலையிலிருந்து எடுத்தபடியே மேலே பார்த்தார். "யாரு நீ? புச்சா கீற?"

"நித்யாவோட வீட்டுக்காரருங்க."

"ஊட்டுக்காரரா!" அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "ரெண்டு வர்சமா இந்த ஊட்டுக்குக் கீரை போட்டுகினு கீறேன். அந்தப் பொண்ணு ஒண்டியா கீதுன்னுல்ல நெனச்சேன்! நல்லா கீற நைனா. எங்க ஒளிஞ்சிகினு இருந்த இத்தினி நாளா?"

எதிர்வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரபு சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தபடி நின்றான்.

"கயிறை எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

எனக்கு அடுத்த அழைப்பு இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

வெற்றுக் கட்டங்கள்

அழைப்பு முடியும்போது பதினொன்று நாற்பது. பிரபு வரவில்லை. நோட்டை எடுத்தேன்.

முதலாவது, வரவில்லை. இரண்டாவது, வரவில்லை. மூன்றாவது, தெரியவில்லை. நான்காவதை நானே நிரப்பினேன்: வரவில்லை. ஐந்தாவது, மொட்டைமாடியில் நாலேகாலுக்கு, காய்ந்த போர்வையை முகத்தில் சுற்றிக்கொள்வது. அது வந்தாலும் மூன்று ஆகாது.

நேர்மையாகத் தோற்றிருந்தேன். ஆனால் என்னைக் குடைந்தது அது இல்லை. 'நேரம்' என்று நான் போட்டிருந்த கட்டம். ஏழு பத்து. எட்டு. பத்தேகால். பதினொன்று. நாலேகால். ஐந்துமே பிரபு பஸ்ஸிலோ, அலுவலக நாற்காலியிலோ இருக்கும் நேரம். நான் எழுதிய அத்தனை குறிப்புகளையும் புரட்டினேன். ஒன்றில்கூட அவன் இல்லை. என் வீட்டைப் பற்றி ஒரு நோட்டு முழுக்க எழுதியிருக்கிறேன். கீரைக்கார அக்கா சொன்னதும் அதே கணக்குதான்.

அவனிடமிருந்து தினம் நான்கு மணி நேரத்தை எடுத்துத்தான் நான் என் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பரிசோதனை எதற்கு?

இடது பக்கத்தைத் திருப்பினேன். புதிய தலைப்பு போட்டேன். "ஓ.எம்.ஆருக்கு எடுத்துச்செல்பவை." பட்டியல் போட ஆரம்பித்ததும் மனசு கொஞ்சம் சமாதானமானது, எனக்கு எப்போதும் அப்படித்தான். அட்டைப்பெட்டிகள் எட்டு. அரிசி டிரம், காலி செய்து. பாத்திரங்களுக்குப் பழைய செய்தித்தாள்.

பன்னிரண்டேகாலுக்குக் கதவு திறந்தது.

கறுத்த கைகள்

முழங்கை வரை கறுப்பு. சட்டையில் ஒரு பட்டை கிரீஸ். ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் நான்கு கட்டுக் கீரை. பிரபுவின் முகத்தை நான் அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

"நித்தி! அக்கா வண்டி ஸ்டார்ட் ஆகல. உதைச்சு உதைச்சுப் பாக்குறாங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாத்தா ஒரே கரி! தீப்பெட்டிப் பட்டையில தேய்ச்சுப் போட்டேன். ஒரே உதை! டுர்ர்ருனு கெளம்பிருச்சு!"

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தேனியில எங்கப்பா மொபெட்டை எட்டாவதுலருந்து நான்தான் பிரிச்சு மாட்டுவேன். உனக்குச் சொன்னதே இல்லையா?" அவனே யோசித்தான். "சொல்ல நேரம் ஏது."

செல்வி அக்காதான் தீப்பெட்டி கொடுத்தாராம். எதிர்வீட்டு ரிடையர்டு சார் ஸ்பேனர் கொடுத்தாராம். அவருடைய பைக்கும் ரொம்ப நாளாக மக்கர் செய்கிறதாம்; கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டுமாம். இரண்டு வருடத்தில் நான் பால்கனியிலிருந்தே பார்த்த தெருவில் அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருந்தான்.

"பேனாவைக் குடு" என்றான். அழுக்குக் கையோடு நோட்டை வாங்கி, ஐந்தாவதற்குக் கீழே 'ஆறு' என்று போட்டு எழுதினான். "அக்கா வண்டி ஸ்டார்ட் ஆச்சு."

"படிகள் எங்க?" என்றேன். பழக்க தோஷம்.

"எப்படி எழுத? முதல்ல வண்டி தானா நிக்கணும்ல."

அப்போதுதான் இடது பக்கத்துத் தலைப்பைப் பார்த்தான். "எடுத்துச்செல்பவையா? எங்க போறோம்?"

"நான் தோத்துட்டேன் பிரபு. ஒண்ணுகூட வரலை. அதைவிட... இதுல எதுலயும் நீ இல்ல. நாம ஓ.எம்.ஆர். போயிடலாம். நெஜமாத்தான் சொல்றேன்."

"அதெல்லாம் வேணாம்."

"தினம் நாலு மணி நேரம்ப்பா!"

"கீழ நின்னுக்கிட்டே மேனேஜருக்கு மெசேஜ் போட்டுட்டேன். வாரத்துல ரெண்டு நாள் வீட்லருந்து பாக்குறேன்னு."

"இதைத்தானே ரெண்டு வருஷமா கேளு கேளுன்னு சொல்றேன்! கேக்கவே மாட்டேன்னியே?"

அவன் சிங்க்கில் கையைக் கழுவ ஆரம்பித்தான். கரி போகவில்லை. தேங்காய் நாரை எடுத்துக் கொடுத்தேன்.

"வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறேன்னு நெனச்சேன்" என்றான், தேய்த்துக்கொண்டே. "எனக்கு இங்க என்ன இருக்கு, தூங்குறதைத் தவிர? இப்ப..." குழாயை மூடினான்.

ஒரு பதில்

மதியம் சிறுகீரைப் பொரியலும் ரசமும். நான்கு கட்டையும் ஆய்ந்து சமைத்ததால் தட்டு நிறையக் கீரை. ஆடு மாதிரிச் சாப்பிடுகிறோம் என்றான். இருவரும் அவன் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அது மேசையின் நடுவில், ரசச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒவ்வொரு முறை ஒளிரும்போதும் இரண்டு கைகள் நின்றன. ஒருமுறை மருந்துக் கடை. ஒருமுறை அவன் தம்பி அனுப்பிய நாய்க்குட்டிப் படம்.

இரண்டரைக்குப் பதில் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து. ஒரு மாதம் பார்ப்போம், பிறகு பேசுவோம்.

ஒரு மாதம்! நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். மீதி மூன்று நாளும் நான்கு மணி நேரம் இருக்கத்தான் செய்கிறது. அது எங்கும் போகவில்லை. ஒரு மாதம் கழித்து மேனேஜர் மனசு மாறலாம். அப்போது வேறு வீடு தேட வேண்டி வரலாம், அது பன்னிரண்டு நிமிட தூரத்தில் இருக்காது. எல்லாவற்றையும் அவனிடம் வரிசையாகச் சொன்னேன், விரல் விட்டு எண்ணி. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பிறகு ஓ.எம்.ஆர். வீட்டுக்காரரின் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், வணக்கம். பிரபு பேசுறேன். வீடு ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா நாங்க வரலை."

"ஏன் தம்பி? வீட்ல ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்ல சார். என் மனைவியே பாத்துட்டாங்க."

"அப்புறம் என்ன?"

பிரபு என்னைப் பார்த்தான். நான் உதட்டைப் பிதுக்கினேன். என்னிடமும் ஒழுங்கான காரணம் எதுவும் எழுதித் தயாராக இல்லை. அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். நக இடுக்கில் கரி அப்படியே இருந்தது.

"செவ்வாய்க்கிழமை இங்க ஒரு கார்புரேட்டர் கழட்டணும் சார்" என்றான். "வர்றேன்னு சொல்லிட்டேன்."